கிட்ட வந்தாத்தான் சுடும்

அய்யோ, அங்கேருந்து சுடாதே தம்பி! எத்தனை தடவ சொல்றது உனக்கு? அது ரெட்டைக்குழல் துப்பாக்கி. தூரத்துலேருந்து சுட்டா ஒரு பிடி அரிசிய எடுத்து வீசின மாதிரிதான். அவனுக்கு வலிக்காது, கோவம்தான் வரும். பாரு, வந்துட்டான் பாரு. என் முதுகுக்குப் பின்னால வந்துரு. ஆங். இப்ப பாரு அக்கா வேலைய. வரட்டும்... வரட்டும்... அவன் மூச்சு நம்ம மூஞ்சியில படணும். இந்தா! போய்ச் சேர்ந்தான்.

பாத்தியா? ஒரே வெடி, செவுத்தோட ஒட்டிக்கிட்டான். இந்த விளையாட்டுல மத்த துப்பாக்கிக்கெல்லாம் கண்ணு வேணும், கை நடுங்காம இருக்கணும். இதுக்குப் பொறுமை ஒண்ணு இருந்தா போதும். ஆனா ரெண்டே வெடிதான், மறந்துராதே. அப்புறம் குழல ஒடிச்சு, காலித் தோட்டாவ உதறி, புதுசு போட்டு மூடணும். அந்த நேரத்துல எவனாவது வந்துட்டா நாம அம்போதான்.

பேரா? யாருக்கு, இப்ப செத்தவனுக்கா? விளையாட்டுல இந்தப் பொணப்பேய்க்கு என்னமோ நீளமா ஒரு பேரு போட்டிருக்கான், வாயில நுழையாது. நாங்க மாமனார்னுதான் சொல்லுவோம். சொல்லாம கொள்ளாம வருவான், இருமிக்கிட்டே வருவான், வந்தா லேசுல கெளம்ப மாட்டான். உலகமே அழிஞ்சு சாம்பலாப் போச்சு, மாமனார் மட்டும் சாகல பாரு. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அதான் லேட்டா சிரிக்கிறே. சிரி, நல்லா சிரி. இன்னிக்கு நாம ரெண்டு பேரும் நிறைய சிரிக்கணும். ஏன்னு சொல்றேன், படியில எறங்கு மொதல்ல. கைப்பிடி உடைஞ்சிருக்கு, செவுத்து ஓரமா வா.

இது ஒரு பழைய ஆஸ்பத்திரியோட அடித்தளம். குண்டு விழறதுக்கு முன்னாடி துணி தொவைக்கிற எடமா இருந்துதாம். மிஷினெல்லாம் துருப்பிடிச்சு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது பாரு. இந்த நடை கடைசி வரைக்கும் போகுது, அந்தக் கோடியில ஒரு இரும்புக் கதவு. அதுக்கு உள்ள ஒரு பெரிய மாமனார் இருக்கான். அவசரமில்ல, மெதுவாப் போலாம். பேசிக்கிட்டே போலாம்.

மொதல்ல நீ என்னை அண்ணேன்னுதானே கூப்பிட்டே? உன்னையும் குத்தம் சொல்ல முடியாது. திரையில என் ஆளுக்கு இவ்ளோ பெரிய தாடி, தொப்பை, ஒத்தைக் கண்ணுல கட்டு, இதுக்குள்ள ஒரு பொம்பள உக்காந்திருக்கான்னு யாருக்குத் தெரியும். நான் வாயத் தொறந்து தமிழ் பேசினதும் நீ அப்படியே நின்னுட்டே. உன் மொட்டைத்தலை ஆளு செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான், மாமனார் பின்னாலேருந்து கடிக்கிறான், உனக்கு அதுகூடத் தெரியல. அன்னிக்குத்தான் உனக்கு மொட்டைன்னு பேரு வெச்சேன். இந்தத் துப்பாக்கியையும் அன்னிக்குத்தான் குடுத்தேன். ஜனங்க இதுக்காக மாசக்கணக்கா அலையறாங்க, முன்னப் பின்ன தெரியாத எனக்குச் சும்மா குடுத்தீங்களேன்னு நீ சொல்லிச் சொல்லி மாஞ்சு போனே. ம். சும்மா.

பெட்டி கட்டியாச்சா? நாளன்னிக்கு இங்க வேலைக்கு வர ஃப்ளைட்ட வெச்சுக்கிட்டு இன்னும் கட்டலைன்னா? அம்மா அழறாங்களா. அழத்தான் செய்வாங்க. பார்சல் குடுக்குற வேலைய விட்டுட்டியா? பைக்கையுமா வித்துட்டே? ஏண்டா, அதுக்குள்ள என்னடா அவசரம் உனக்கு.

இல்ல, ஒண்ணுமில்ல. மூச்சுதான் விட்டேன். இந்த மைக்குல மூச்சு விட்டாகூடப் பெருசாக் கேக்கும்.

போர்வை எடுத்துக்கிட்டு வரவான்னு கேட்டியே. எங்க ஆபீஸ் எப்படி இருக்கும், ஹாஸ்டல் எப்படி இருக்கும்னு கேட்டுக்கிட்டே இருப்பியே, இன்னிக்கு ஒழுங்காச் சொல்றேன், கேட்டுக்க. பெரிய ஹால். வரிசையா கம்ப்யூட்டர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாற்காலி, காதுல மாட்டுறது ஒண்ணு. என்னோடதுல பஞ்செல்லாம் பிஞ்சு போச்சு, காது மடல்ல கம்பி குத்துது, ஒரு பழைய சாக்ஸக் கிழிச்சுச் சுத்தி வெச்சிருக்கேன். ஜன்னல் இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா கண்ணாடி மேல உள்பக்கமா சாம்பல் கலர்ல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அடிச்சவன் சோம்பேறி போல, கீழ் மூலையில நகம் அளவுக்கு ஒரு எடம் விட்டுப்போயிருக்கு. அதுல கண்ண வெச்சா ஒரு மதில் தெரியும், மதிலு மேல கம்பிச்சுருள் தெரியும். எடத்த விட்டு எந்திரிக்கணும்னா கைய தூக்கணும். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கெடையாது. ஹாஸ்டல் மாடியில. அடுக்குக் கட்டில். ஹாஸ்டலுக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு கதவு, பூட்டு வெளிப்பக்கம்.

என்ன சத்தத்தையே காணோம்? பேசு. எதையாவது பேசு தம்பி, நீ பேசாம இருந்தா எனக்குத்தான் கஷ்டம்.

ஹாஹாஹா! ஆமா ஆமா, அதச் சொல்லு! நல்லா கேட்டே போ!

...போயிட்டான். நீ ஒண்ணும் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்டா. எங்க கங்காணி பின்னால வந்து நின்னான். அவன் பேரு வேற என்னமோ. நாங்க கங்காணின்னு கூப்பிடறது ஏதோ பெரிய மரியாதைன்னு நெனச்சுக்கிட்டிருக்கான், கூப்பிட்டா அப்படியே பூரிச்சுப் போறான். வாயில எப்பவும் ஒரு பல் குத்துற குச்சி. அவனுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஆனா குரல் தெரியும். எவ சிரிக்கிறா, எவ அழறா, எவ கெஞ்சுறான்னு குரல வெச்சே புடிச்சிருவான். சிரிப்புச் சத்தம் வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம், தாண்டிப் போயிருவான். அதனாலதான் சொன்னேன், சிரிச்சுக்கிட்டே கேளு. நானும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவேன். நான் சொல்றது எதுவும் சிரிக்கிற விஷயமில்ல, ஆனா சிரிப்ப நிறுத்திறாதே.

நடையில நிக்காதே, முன்னால போ. திரையும் நகரணும், அவன் அதையும் பாப்பான்.

தமிழ் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான் இங்க. ஒட்டுக்காதுன்னு பேரு. அவன் வேலையே நாங்க பேசுறதக் காதுல மாட்டிக்கிட்டுக் கேக்குறதுதான். உங்கிட்ட இத்தனை நாளா நான் பேசினது பூரா அவன் கேட்டதுதான். ஆபீஸ்ல ஏசி இருக்கு, ஞாயித்துக்கிழமை எல்லாரும் பிக்னிக் போவோம்னெல்லாம் சொன்னேன் பாரு, எல்லாம் அவன் எழுதிக் குடுத்த வசனம். இன்னிக்கு அவன் இல்ல. எப்படி இல்லேன்னு கேளு. இங்க வர்றதுக்கு முன்னாடி நான் பல் டாக்டர்கிட்ட உதவியா இருந்தவ. ஒட்டுக்காதுக்குக் கடைவாய்ப் பல்லு கொஞ்ச நாளா வலி. கன்னத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். நான் போய், வாயத் தொறங்க பாக்கலாம்னேன். தொறந்தான். சாதாரண சொத்தை. நான் மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு, அய்யய்யோ, தாடை எலும்பு வரைக்கும் எறங்கிருச்சே, விட்டா மூளைக்கு ஏறிடுமேன்னு ஒரு போடு போட்டேன். பயந்தாங்கொள்ளி. இன்னிக்கு மத்தியானம் பல்லப் புடுங்கிக்கப் போயிருக்கான். புடுங்கினா வாய்ல பஞ்ச வெச்சுக்கிட்டு வந்து உக்காந்திருவான். அதுக்குள்ள நான் முடிக்கணும்.

என்னத்தன்னா? தம்பி, நீ இங்க வராதே.

வராதேங்கிறேன்.

அக்கா விளையாடாதீங்கன்னு சொல்றே. சிரிச்சுக்கிட்டே சொன்னா எவன்தான் நம்புவான், எனக்கே நம்பிக்கை வராது. ஆனா இப்பதானே காரணத்தச் சொன்னேன். வேலை உண்டு, அதுல சந்தேகமே இல்ல. கேம் டெஸ்டிங்னு சொன்னாங்களே, அதுவும் ஒரு விதத்துல நெசம்தான், நாள் பூரா கேம்தான் ஆடுறோம். என்ன, ஆடி என்ன பண்றோம்னுதான் சொல்லல. ஒத்தையா ஆடுறவங்களாத் தேடிப் புடிக்கிறது. அதுலயும் நம்ம பாஷைக்காரங்களா. கொஞ்சம் காப்பாத்தி விடுறது, ஏதாவது ஒரு நல்ல சாமானக் கையில குடுக்குறது. சாப்டியா, தூங்கினியா, அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்குறது. அப்புறம் ஒரு நாள், எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்குறாங்க தம்பின்னு ஆரம்பிக்கிறது. புழு இல்லாத தூண்டிலக் கடிக்க மீனு என்ன முட்டாளா? உனக்குப் புழு அந்த ரெட்டைக்குழல்.

ஆமா. அந்தத் துப்பாக்கி என்னோடதில்ல. ஆபீஸ் சாமான்.

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம், அந்தக் கதையா இருக்குங்கிறே. சொல்லு. நான் ஓநாய்தான், இல்லேங்கல. ஆனா ஓநாயே வந்து வராதேன்னு சொல்லுதுன்னா ஆடு கொஞ்சமாவது யோசிக்க வேணாமா?

வலது பக்கம் பாரு! இருமல் கேக்கலையா? விடு, கிட்ட வரட்டும்... இப்ப! சபாஷ். இப்பதான் உனக்குக் கை வந்திருக்கு. குழல ஒடி, தோட்டாவப் போடு, நான் பாத்துக்கிறேன்.

இல்லடா, பொறாமையில்ல. நீ வந்து முன்னுக்கு வந்துருவேன்னு எனக்கு வயித்தெரிச்சலா? கேளு. எனக்கு ஒரு பொண்ணு. ஒண்ணாங்கிளாஸ் போறா. எங்கக்கா வீட்டுல விட்டுட்டு வந்தேன். ரெண்டே மாசத்துல உன்னையும் கூட்டிக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன். போன தடவ போன்ல பேசுறப்போ, அம்மா எனக்கு முன்னால பல்லு ஆடுதுன்னா. இத்தனை பேரோட பல்லப் பாத்திருக்கேன், எம் பொண்ணு பல்லு விழுறதப் பாக்க நான் இல்ல. கங்காணி பக்கத்துலயே நிக்கிறான், நான் சிரிச்சுக்கிட்டே, அப்படியாடி தங்கம், நாக்கால ஆட்டாதேன்னு சொல்றேன். வெச்சதும் போன வாங்கிக்கிட்டான். அழக்கூட எடமில்ல தம்பி இங்க. வயிறு பத்தி எரியுது, வாயி மட்டும் சிரிக்குது. பைத்தியம் புடிக்காத குறைதான்.

ஓடிப்போறதா? எந்தப் பக்கம்னு ஓடுவேன்? வந்த அன்னிக்கு வேன்ல ஏத்தினாங்க, வண்டிக்கு ஜன்னலுக்கெல்லாம் திரை. எந்த ஊரு, எந்தத் தெருவுன்னே எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட்ட அன்னிக்கே வாங்கிட்டாங்க. என்னவிட உனக்குத்தான் ஜாஸ்தி தெரியும், தெரியுமா? உன்கிட்ட டிக்கெட் இருக்கு. அதுல எறங்குற எடம் இருக்கு, டிக்கெட் போட்டவன் யாருன்னு இருக்கு, கூட்டிட்டுப் போக வர்றவனோட நம்பரு இருக்கு. அதக் கிழிச்சுப் போட்டுறாதே. நேரா போலீஸ்ல கொண்டுபோய்க் காட்டு. அவங்க நம்புவாங்களோ மாட்டாங்களோ. அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போ, அம்மா அழுதா கொஞ்சம் காது குடுப்பாங்க. இந்த வேலை விஷயமா போன்ல இனிக்க இனிக்கப் பேசுவாளே ஒருத்தி, மேடம், அவ நம்பர எடுக்காதே. உன் நம்பரையே மாத்திரு.

நாளைக்கும் வந்து விவரமாப் பேசலாம்கிறியா. அங்கதாண்டா நிக்குது விஷயம். நாளைக்குப் பேச மாட்டேன்.

எப்படிச் சொல்றது. நீ நாளன்னிக்கு ஃப்ளைட்ல ஏறலைன்னா மொதல்ல என்னத்தான் கேப்பாங்க. கூப்பிடு அவன, பேசு, எப்படியாவது வர வைன்னு இந்த நாற்காலியிலயே உக்கார வெச்சு, பக்கத்துல ஒட்டுக்காத உக்கார வெப்பாங்க. அப்பவும் நான் முரண்டு புடிச்சா எம் பொண்ணோட போன நிறுத்துவாங்க. இல்லேன்னா அவளப் பேச விட்டுட்டு நடுவுல புடுங்குவாங்க. அப்ப நான் பேசிருவேன் தம்பி. என்னப் பத்தி எனக்குத் தெரியும். அன்னிக்கு ஏதோ மனசு சரியில்லாம உளறிட்டேன்டா, ஆபீஸ்ல சின்ன சண்டை, இப்ப எல்லாம் சரியாப் போச்சு, நீ கெளம்பி வான்னு சொல்லிருவேன். உனக்கு எம்மேல பாசம் இருக்கு, நீயும் நம்பிருவே. உன்ன நெனச்சு எனக்குப் பயமில்ல, என்ன நெனச்சுத்தான் பயம்.

அதான் கதவுகிட்ட வந்துட்டோம் பாரு. துருப்பிடிச்ச கதவு. இரு, இன்னும் தொறக்காதே. இப்ப ஒரு சங்கதி சொல்றேன். இந்த விளையாட்டுல கூட்டாளிய ஒருத்தன் சுட்டுக் கொன்னுட்டான்னு வெய்யி. அவன் நெத்தியில துரோகின்னு சூடு போட்ட மாதிரி ஒரு குறி விழும். அது போகட்டும். செத்தவனையும் சுட்டவனையும் விளையாட்டே பிரிச்சு விட்டுரும். அப்புறம் ஜென்மத்துக்கும் ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாது, பேச முடியாது, தேடினாலும் பேரு வராது. வேற துப்பாக்கின்னா கங்காணி சண்டைக்கு வருவான், வேணும்னேதானே சுட்டேன்னு. ரெட்டைக்குழல்ல அந்தப் பேச்சுக்கே எடமில்ல. அது பாட்டுக்குச் செதறும். ஒருத்தனுக்குக் குறி வெச்சா பக்கத்துல நிக்கிறவனையும் சேத்து அள்ளும். இந்த ஹால்ல எல்லாருக்கும் ஒரு தடவையாவது அப்படி ஆயிருக்கு, கங்காணி ஆடினப்போ அவன் கையாலயே விளையாட்டுல ஒரு கூட்டாளி செத்திருக்கான். உன்னையும் சேத்துச் சுட்டுட்டு, கை தவறிப்போச்சு சார்னு சொல்லுவேன். ரெண்டு அறை விழும். வாங்கிக்கிறேன்.

ஆமாண்டா, உன் மொட்டை சாவான். அத்தனை நாளு தூங்காம வளத்தேங்கிறே, எனக்குத் தெரியாதா. செத்துட்டுப் போகட்டும்டா அவன்.

கதவத் தொற. இருமுறான் பாரு, எழுந்துட்டான். நீ அவனுக்கு எடது பக்கம், ஒட்டி நில்லு. இன்னும் ஒட்டி. சுடாதே. துப்பாக்கியக் கீழ எறக்கு. சிரி, கங்காணி இந்த வரிசைக்குத்தான் வர்றான்.

என்னது? நான் எப்படி வீட்டுக்குப் போவேனா? போறதுக்கு வழி இருக்கு, ஏன் இல்ல. காசு பணத்துக்கெல்லாம் மசிய மாட்டாங்க, இங்க ஆளுக்கு ஆளுதான். ஒருத்தரக் கொண்டாந்து விட்டா ஒருத்தர் போலாம். அந்த ஒண்ணுல மட்டும் வாக்குத் தவற மாட்டாங்க, நான் பாத்திருக்கேன். நான் வந்து உக்காந்தப்போ இந்த நாற்காலி சூடா இருந்துச்சு தம்பி. என்னை அக்கா அக்கான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு வர வெச்சவ அப்பதான் எந்திரிச்சுப் போயிருக்கா.

நீ எனக்குப் பதில் ஆளு. நாளன்னிக்கு நீ வந்து எறங்கினா நான் அந்த வேன்லயே ஏறி எம் பொண்ணுகிட்ட போயிருவேன்.

அழாதே, சத்தம் எனக்குக் கேக்குது. அசையாம நில்லுடா.